தொட்டிலும் பள்ளியும்: எப்வர்த்துக் குருமனையின் இல்லக் கல்வி

1. முன்னுரை

கல்வியின் வரலாற்றை எழுதப் புகுவோர் பள்ளிகளையும் கல்லூரிகளையும் அரசின் ஆணைகளையும் விரிவாக ஆராய்வர். அடுப்படிக்கும் தொட்டிலுக்கும் இடையே நின்று தம் மக்களுக்கு எழுத்தறிவித்த தாய்மாரைப் பற்றி அந்நூல்கள் கூறுவன மிகச் சில. இதற்குப் புறக்கணிப்பு மட்டுமே காரணமன்று, சான்றின்மையும் காரணமாகும். நாள்தோறும் செய்யும் வேலையை எவரும் எழுதிவைப்பதில்லை. எழுதிவைக்கும் அளவிற்குக் கற்ற தாய்க்கு, கைக்குழந்தை இருக்கும்வரை, எழுத ஓய்வு கிடைப்பதில்லை.

இப்பொதுநிலைக்கு விலக்காக நிற்பவர் இங்கிலாந்தின் லிங்கன் மாவட்டத்து எப்வர்த்து என்னும் சிற்றூரில் வாழ்ந்த சூசன்னா வெஸ்லி அம்மையார் (1669-1742). மெதடிஸ்டு இயக்கத்தின் தலைவர்களான ஜான் வெஸ்லி, சார்லஸ் வெஸ்லி ஆகியோரின் தாய் என்ற முறையில் அவர் பெயர் உலகறிந்தது. எனினும் ஈண்டு நாம் ஆராய எடுத்துக்கொண்டது மக்களின் பெருமையன்று; தாயின் நாளொழுங்கு. கைக்குழந்தை இருந்த ஒரு கிறித்தவ வீட்டில் இல்லப்பள்ளி எங்ஙனம் நடந்தது, அதனை நடத்திய தாய் எதைக் கொடுத்து எதைப் பெற்றார் என்பனவே இக்கட்டுரையின் வினாக்கள். இவ்வாராய்ச்சியின் இடையே தமிழகத்துத் தரங்கம்பாடி வந்து சேர்வதைக் காண்போம். அத்தொடர்பு கற்பனையன்று, அம்மையாரே எழுதிவைத்தது.

2. சான்றுகள்

நமக்குக் கிடைக்கும் தலையாய சான்றுகள் இரு மடல்கள். ஒன்று, 1712-ஆம் ஆண்டு பிப்ரவரி 6-ஆம் நாள் இலண்டனில் இருந்த கணவர் சாமுவேல் வெஸ்லிக்கு எழுதியது. மற்றொன்று, 1732-ஆம் ஆண்டு ஜூலை 24-ஆம் நாள் மகன் ஜானுக்கு, அவர் கேட்டுக்கொண்டதற்கு இணங்க, தம் பயிற்றுமுறையை விளக்கி எழுதியது. அக்கால ஆங்கில ஆண்டு மார்ச்சு 25-இல் தொடங்கியமையால், முதல் மடலின் ஆண்டு பழைய ஏடுகளில் 1711 எனவும் காணப்படும். அம்மையார் 1742-இல் மறைந்தபின், அவரை அடக்கம் செய்த ஆகஸ்டு முதல் நாளுக்குரிய பகுதியில், ஜான் வெஸ்லி தம் நாட்குறிப்பு நூலில் இவ்விரண்டையும் அடுத்தடுத்து வெளியிட்டார்.

இவ்விரு மடல்களையும் ஒரே நிறையில் வைத்து நோக்குதல் பொருந்தாது. முன்னது நாற்பத்து மூன்று வயதுத் தாய், வேலையின் நடுவே நின்று எழுதியது. அன்றன்று நடப்பதைக் கூறுவது. பின்னது அறுபத்து மூன்று வயது மூதாட்டி, நினைவிலிருந்து எழுதியது; விதிகளாகத் தொகுத்துக் கூறுவது. ஆயினும் பின்னர் எழுதப்பட்ட மடலே பெரிதும் முன்னர் நிகழ்ந்த காலத்தைப் பற்றியது என்பதை மறத்தலாகாது. பிற்காலத்தார் பலர் 1732-ஆம் ஆண்டு மடலிலுள்ள விதிகளை மட்டும் எடுத்துக்கொண்டு, அம்மையாரைப் போற்றவோ தூற்றவோ செய்தனர். இரண்டையும் காலமுறையில் நிறுத்திப் பார்க்கின் வேறொரு வரலாறு புலப்படும்.

3. குடும்பமும் காலமும்

அம்மையார் இலண்டன் நகரில் சாமுவேல் அன்னெஸ்லி என்னும் குருவின் மகளாகப் பிறந்தார். தந்தையார் அரசுத் திருச்சபையோடு இணங்காது பிரிந்தவர். மகளோ பதின்மூன்று வயது நிரம்புமுன்பே இரு பக்கத்து வாதங்களையும் எண்ணிப் பார்த்து, தந்தையின் பக்கத்தை விட்டு, ஆங்கிலத் திருச்சபையைத் தேர்ந்துகொண்டார். தாமே ஆராய்ந்து முடிவு செய்யும் இவ்வியல்பு அவர் வாழ்நாள் முழுவதும் நீங்கவில்லை. 1688-இல் சாமுவேல் வெஸ்லியை மணந்தார். 1690 முதல் 1709 வரை அவர் பெற்ற மக்கள் பத்தொன்பதின்மர் என்பர். அவர்களுள் வளர்ந்து ஆளானோர் பதின்மரே. பெண்மக்கள் எழுவர், ஆண்மக்கள் மூவர். ஏனையோர் குழவிப் பருவத்திலேயே மறைந்தனர்.

சாமுவேல் வெஸ்லி கற்றவர், பாட்டு இயற்றுபவர், கடனாளி. 1705-ஆம் ஆண்டுத் தேர்தலில் அவர் எடுத்த நிலை ஊராரின் பகையை வளர்த்தது. அவர் லிங்கன் நகருக்குச் சென்றிருந்த ஓரிரவு, பகைவர் கூட்டம் குருமனையைச் சூழ்ந்து முரசறைந்தும் கூச்சலிட்டும் உறக்கத்தைக் கெடுத்தது. அம்மையார் பிள்ளை பெற்று மூன்று கிழமைகளே ஆகியிருந்தன. எதிர்வீட்டில் குழந்தையை வைத்திருந்த செவிலி, நள்ளிரவு கடந்தபின் அயர்ந்து உறங்கி, அறியாமல் குழந்தையின் மேல் புரண்டுவிட்டாள். விழித்தவள் பித்துப் பிடித்தவள்போல் ஓடிவர, குழந்தையின் உடல் குளிர்ந்த நிலையில் தாயின் கையில் வந்து சேர்ந்தது. இதனைச் சாமுவேல் யார்க்குப் பேராயர் சார்ப்புக்கு எழுதிய மடலால் அறிகிறோம். அதே ஆண்டில், முப்பது பவுனுக்கும் குறைந்த கடனுக்காக அவர் லிங்கன் கோட்டைச் சிறையில் அடைக்கப்பட்டார். அம்மையார் தம் மோதிரங்களைக் கழற்றி அனுப்பினார். கணவர் அவற்றை ஏற்காது திருப்பி அனுப்பினார். உணவுக்கு என்றேனும் முட்டுப்பாடு நேர்ந்ததா எனப் பேராயர் பின்னர் வினவியபோது, அப்பம் இல்லாமற் போனதில்லை என்றும், அதனைத் தேடுவதிலும் அதற்கு விலை கொடுப்பதிலும் பட்ட கவலை உண்ட அப்பத்தையே கசப்பாக்கியது என்றும் பொருள்பட அம்மையார் விடையிறுத்தார்.

இத்தகைய வீட்டில்தான் நாள்தோறும் ஆறு மணி நேரம் பள்ளி நடந்தது.

4. கைக்குழந்தையின் நாளொழுங்கு

1732-ஆம் ஆண்டு மடல் ஏட்டில் தொடங்கவில்லை, தொட்டிலில் தொடங்குகிறது. உடுத்தல், களைதல், துணி மாற்றுதல் ஆகியவற்றில் குழந்தைகள் பிறந்த நாள்தொட்டே ஓர் ஒழுங்கிற்குப் பழக்கப்பட்டனர். முதல் மூன்று திங்கள் பெரும்பாலும் உறக்கத்திலேயே கழியும். அதன்பின், குழந்தை விழித்திருக்கும்போதே தொட்டிலில் கிடத்தப்பட்டது, ஆட்டி உறங்கவைக்கப்பட்டது, எழவேண்டிய நேரம் வரும்வரை தொட்டில் தொடர்ந்து ஆட்டப்பட்டது. இவ்வுறக்கம் தொடக்கத்தில் காலையில் மூன்று மணி நேரம், பிற்பகலில் மூன்று மணி நேரம். பின்னர் இரண்டிரண்டு மணி நேரம். முடிவில் அதுவும் வேண்டாதாயிற்று.

ஓராண்டு நிரம்பியதும், சிலர் அதற்கு முன்னரும், பிரம்புக்கு அஞ்சவும் மெல்ல அழவும் கற்பிக்கப்பட்டனர். உரத்த அழுகையொலி அவ்வீட்டில் அரிதாகவே கேட்டது என்று அம்மையார் எழுதுகிறார். நாளைக்கு மூன்று வேளை உணவு; நோயுற்றாலன்றி இடையில் ஒன்றும் இல்லை. சிறுவர்க்குப் பெற்றோர் மேசைக்கு அருகில் சிறு மேசையும் நாற்காலிகளும் இடப்பட்டன. வேண்டியதைப் பணிப்பெண்ணிடம் காதோடு கேட்கவேண்டும். பேசவும் மண்டியிடவும் அறியாத குழந்தையும் உணவுக்கு முன் சைகையால் இறையருளை வேண்டப் பழகியது. ஆறு மணிக்குக் குடும்ப வழிபாடும் அதனையடுத்து இரவுணவும். ஏழு மணிக்குப் பணிப்பெண் கடைக்குட்டி தொடங்கி ஒவ்வொருவராகக் கழுவுவாள். எட்டு மணிக்குள் அனைவரும் படுக்கையில் விடப்படுவர். உறங்கும்வரை அருகில் அமர்ந்திருக்கும் வழக்கம் அவ்வீட்டில் இல்லை.

ஈண்டு ஒரு கணக்கு நோக்கத்தக்கது. பள்ளி நேரம் எதுவென்பதை அதே மடல் வேறோரிடத்தில் கூறுகிறது: காலை ஒன்பது முதல் பன்னிரண்டு வரை; பிற்பகல் இரண்டு முதல் ஐந்து வரை. காலையில் மூன்று மணி நேரம். பிற்பகலில் மூன்று மணி நேரம். குழந்தையின் உறக்கத்திற்கு விதித்த அளவும் அதுவே. மடல் இவ்விரண்டையும் இணைத்துக் கூறவில்லை, கணக்கு இணைக்கிறது. குழந்தை உறங்கிய நேரமே பள்ளி நடந்த நேரம் என்று கொள்வது மிகையாகாது. எழ வேண்டிய நேரம் வரும்வரை தொட்டில் நில்லாது ஆடியதன் காரணமும் இதனால் விளங்கும். இடையில் குழந்தை விழித்தால் பாடம் நின்றுவிடும்.

அழுகையை அடக்கியதற்கும் இதுவே ஒரு காரணமாதல் வேண்டும். அம்மையார் கூறும் காரணம் சமயஞ் சார்ந்தது: தன்விருப்பமே பாவத்தின் வேர்; அதனை இளமையிலேயே அடக்குதல் பெற்றோரின் முதற்கடன் என்பது அவர் கொள்கை. 1693-இல் வெளிவந்த ஜான் லாக்கின் கல்வி நூலும் குழந்தைகளின் அடம்பிடித்த அழுகைக்கு இடங்கொடுத்தல் ஆகாதென்று கூறுகிறது. எனவே இக்கருத்து அம்மையார்க்கு மட்டும் உரியதன்று. ஆயினும் கொள்கை ஒருபுறம் இருக்க, வீட்டின் நெருக்கடி மற்றொருபுறம் நின்றது. ஒரே கூரையின்கீழ் ஒரு தொட்டிலும் ஒரு பள்ளியும் இருக்கவேண்டுமாயின், இரண்டில் ஒன்று அடங்கவேண்டும். எப்வர்த்தில் தொட்டில் அடங்கிற்று.

மடலின் சொல்லமைப்பில் மற்றொன்றும் கருதத்தக்கது. குழந்தை கிடத்தப்பட்டது, ஆட்டப்பட்டது எனச் செயப்பாட்டு வினைகளே இப்பகுதியில் மிகுதி. தொட்டிலை ஆட்டிய கை யாருடையது? தாய் பாடம் சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில் அது தாயின் கையாக இருந்திருக்க இயலாது. பணிப்பெண்ணின் கையே என ஊகிக்கலாம். அவ்வீட்டுப் பிள்ளைகள் பணியாளரோடு அளவளாவத் தடை இருந்தது என அதே மடல் கூறுகிறது. பேசக் கூடாத பெண்ணின் உழைப்பின்மேல் அப்பள்ளி நின்றது என்பதை வரலாறு குறித்தல் வேண்டும்.

5. எழுத்தறிவித்த முறை

எப்வர்த்துக்கு வருமுன்னரே இப்பள்ளி தொடங்கிவிட்டது. முதல் மாணாக்கர் மூத்த மகன் சாமுவேல். 1695-ஆம் ஆண்டு பிப்ரவரி 10-ஆம் நாள் அவருக்கு ஐந்து வயது நிரம்பியது. மறுநாளே பாடம் தொடங்கியது. சில மணி நேரத்தில் நெடுங்கணக்கு முழுவதையும் அறிந்துகொண்டார். உடனே ஆதியாகமத்தின் முதல் அதிகாரம். முதல் வசனத்தை எழுத்துக்கூட்டிப் படித்து, தடையின்றி வரும்வரை திரும்பத் திரும்பப் படித்து, அதன்பின் இரண்டாம் வசனம். தனி அரிச்சுவடி இல்லை, மறைநூலே அரிச்சுவடி.

ஒரு குழந்தை படிக்கத் தொடங்குவதற்கு முந்திய நாள் வீடு முழுவதும் ஒழுங்குசெய்யப்படும். அவரவர்க்கு உரிய வேலை பகுத்தளிக்கப்படும். பள்ளி நேரத்தில் எவரும் அவ்வறைக்குள் வரலாகாதென்று கட்டளை பிறக்கும். எழுத்துக்களைக் கற்க ஒரு நாள் அளவு. மேரியும் ஆனும் மட்டும் ஒன்றரை நாள் எடுத்துக்கொண்டனர். அதனால் அவர்களை மந்தமானவர்கள் என அக்காலத்தில் எண்ணியதாகவும், பிற வீட்டுக் குழந்தைகள் அரிச்சுவடியோடு எத்துணைக் காலம் போராடுகின்றனர் என்பதைக் கண்டபின் அவ்வெண்ணத்தை மாற்றிக்கொண்டதாகவும் அம்மையார் எழுதுகிறார். தம் பிழையைத் தாமே குறிக்கும் இவ்வரி, மடலின் நம்பகத்தன்மைக்கு நல்ல சான்று.

மடலின் இறுதியில் வீட்டு விதிகள் தொகுத்துக் கூறப்படுகின்றன. குற்றத்தை ஒப்புக்கொள்ளும் பிள்ளைக்கு அடியில்லை. ஒரே குற்றத்திற்கு இருமுறை தண்டனையில்லை. பணிவான செயல் ஒவ்வொன்றும் பாராட்டப்பட வேண்டும். ஒரு குண்டூசியாயினும் பிறர் பொருளைத் தொடலாகாது. கொடுத்த வாக்கைக் காத்தல் வேண்டும். இவற்றுள் தலையாயது, பெண்மகள் நன்றாகப் படிக்கக் கற்கும்வரை அவளைத் தையல் முதலிய வேலைகளுக்குப் பழக்கலாகாது என்பது. பெண்கள் பலர் செவ்வனே படிக்க இயலாமைக்கு, படிக்குமுன்னரே அவர்களை வேலையில் அமர்த்துவதே காரணம் என்பது அம்மையாரின் துணிபு. பெண் கல்வி பற்றிய வரலாற்றில் இவ்விதி தனித்து நிற்பது.

6. தீயும் மறுசீரமைப்பும்

1709-ஆம் ஆண்டு பிப்ரவரி 9-ஆம் நாள் இரவு குருமனை எரிந்தது. ஐந்து வயது ஜான் சாளரத்தின் வழியே மீட்கப்பட்டார். அம்மையார் அப்போது நிறைசூலி. அடுத்த திங்களில் கடைசி மகள் கெசியா பிறந்தாள். நூல்களும் கையெழுத்து ஏடுகளும் அழிந்தன. பிள்ளைகள் பல வீடுகளில் பிரிந்து வாழ நேர்ந்தது. சூசன்னா, மெகெத்தபெல் என்னும் மகளிர் இருவர் இலண்டனில் தந்தையின் உடன்பிறந்தார் வீட்டிற்குச் சென்றனர். மீண்டும் கூடியபோது, பிள்ளைகளிடம் கொச்சைப் பேச்சும் முரட்டு நடையும் தீய பாடல்களும் குடியேறியிருந்தன எனத் தாய் வருந்துகிறார்.

இதன்பின் அமைந்த ஒழுங்கு முன்னையது போன்றதன்று. பள்ளி தொடங்கும்போதும் முடியும்போதும் சங்கீதம் பாடும் வழக்கம் இப்போது வந்தது. மாலை ஐந்து மணிக்கு மூத்த பிள்ளை, பேசத் தெரிந்த மிக இளைய பிள்ளையையும், அடுத்த மூத்தது அடுத்த இளையதையும் தனியே அழைத்துச் சென்று, அன்றைய சங்கீதங்களையும் புதிய ஏற்பாட்டில் ஓர் அதிகாரத்தையும் படித்துக்காட்டும் முறை ஏற்பட்டது. ஆசிரியர் ஒருவர் என்னும் நிலை மாறி, மாணாக்கரே ஆசிரியராயினர்.

தாயும் நூலாசிரியராயினார். பிரிந்திருந்த மகள் சூசன்னாவிற்கு 1710-ஆம் ஆண்டு ஜனவரியில் விசுவாசப் பிரமாணத்திற்கு ஒரு விரிவுரையை மடல் வடிவில் எழுதினார். பத்துக் கட்டளைகளுக்கு உரை வரைந்தார். தாயும் மகள் எமிலியாவும் உரையாடுவதாக அமைந்த ஒரு சமய உரையாடலையும் இயற்றினார். ஏட்டைப் படிப்பித்த தாய், ஏடு எரிந்தபின் ஏட்டை இயற்றிய தாயானார்.

7. தரங்கம்பாடியிலிருந்து வந்த நூல்

1706-ஆம் ஆண்டு ஜூலை 9-ஆம் நாள் பார்த்தலோமேயு சீகன்பால்கு, ஹென்ரிக் புளூட்சோ ஆகிய இரு செருமானியர், தென்மார்க்கு அரசன் அனுப்ப, தரங்கம்பாடியில் வந்திறங்கினர். சீகன்பால்கு தமிழ்ச் சிறுவரோடு அமர்ந்து எழுத்துப் பயின்றதும், பள்ளிகள் தொடங்கியதும், புதிய ஏற்பாட்டைத் தமிழில் பெயர்த்து 1715-இல் அச்சிட்டு முடித்ததும் நம் இலக்கிய வரலாற்றில் இடம்பெற்ற செய்திகள். அவ்விருவர் எழுதிய மடல்கள் செருமானிய மொழியில் அச்சேறி, பின்னர் அந்தோன் பெய்மே என்பவரால் ஆங்கிலமாக்கப்பட்டு 1709-இல் இலண்டனில் வெளிவந்தன.

1711-ஆம் ஆண்டின் இறுதியில் சாமுவேல் வெஸ்லி குருமார் பேரவைக்காக இலண்டன் சென்றிருந்தார். தந்தையின் படிப்பறையில் இத்தரங்கம்பாடி வரலாற்றைக் கண்டெடுத்தவர் எமிலியா. தாய் அதனைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். எதுவும் இவ்வளவு தம்மை அசைத்ததில்லை எனக் கணவருக்கு எழுதுகிறார். தாம் ஆணல்லர், குருவுமல்லர்; எனினும் தம் பொறுப்பில் உள்ளோர்க்கு இப்போது செய்வதைவிட மிகுதியாகச் செய்யலாமே என்னும் எண்ணம் அவர்க்குத் தோன்றியது. முதலில் தம் மக்களிடமிருந்து தொடங்கினார்.

அவ்வாறு தொடங்கியதே புகழ்பெற்ற மாலைநேர முறை. திங்கட்கிழமை மேரி, செவ்வாய் மெகெத்தபெல், புதன் ஆன், வியாழன் ஜான், வெள்ளி மார்த்தா, சனி சார்லஸ், ஞாயிறு எமிலியாவும் சூசன்னாவும். ஒவ்வொரு மாலையும் ஒரு பிள்ளையோடு தனியே அமர்ந்து, அப்பிள்ளையின் உள்ளத்தைப் பற்றிப் பேசுவது. இதில் பிரம்பு இல்லை, நெடுங்கணக்கு இல்லை, கேட்டலும் சொல்லலுமே உண்டு. அதே குளிர்காலத்தில் அவர் வீட்டு ஞாயிறு மாலை வழிபாட்டிற்கு அயலாரும் வந்து கூடினர். தொகை இருநூற்றையும் கடந்தது. துணைக்குரு முறையிட, கணவர் நிறுத்துமாறு எழுதினார். விரும்பினால் போதாது, வெளிப்படையாகக் கட்டளையிட வேண்டும். அங்ஙனமாயின் இறைவன் முன் பொறுப்பும் தம்மை விட்டு நீங்கும் என்னும் கருத்தில் அம்மையார் விடை எழுதினார்.

இனி, மாலைப் பட்டியலில் இல்லாத பெயர் ஒன்றை நோக்குவோம். மூத்த மகன் சாமுவேல் 1704 முதல் வெஸ்ட்மின்ஸ்டர் பள்ளியில் இருந்தார். வீட்டில் இருந்து பட்டியலில் இல்லாதவள் கெசியா மட்டுமே. அவளுக்கு அப்போது மூன்று வயது நிரம்பவில்லை. அவளுக்குப்பின் அவ்வீட்டில் குழந்தை பிறக்கவில்லை. அஃதாவது, இருபது ஆண்டுகளுக்குப் பின் முதன்முறையாக எப்வர்த்தில் தொட்டில் ஓய்ந்திருந்தது. தரங்கம்பாடி நூல் ஊக்கத்தைத் தந்தது. ஓய்ந்த தொட்டில் நேரத்தைத் தந்தது. இரண்டும் கூடியபோதுதான் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு மாலை கிடைத்தது. எனவே இரு மடல்களும் காட்டும் வேறுபாடு, கடுமையான தாய்க்கும் கனிந்த தாய்க்கும் உள்ள வேறுபாடன்று. கைக்குழந்தையோடு இருந்த தாய்க்கும், அப்பருவத்தைக் கடந்த தாய்க்கும் உள்ள வேறுபாடாகும்.

8. பயனும் இழப்பும்

இக்கல்வியின் பயன் மக்களிடையே ஒத்த முறையில் விளையவில்லை. ஆண்மக்கள் மூவரும் ஆக்ஸ்ஃபோர்டு சென்றனர். அதே அறையில், அதே நூலில், அதே நேரங்களில் பயின்ற பெண்மக்களுக்கு அவ்வாயில் திறக்கவில்லை. எமிலியா பள்ளியாசிரியையாக உழைத்தார். மெகெத்தபெல் நல்ல கவிஞர். 1725-இல் அமைந்த மணம் துன்பத்தையே தந்தது. பிறந்து இரண்டாம் நாள் உயிர் நீத்த தம் குழந்தையைப் பற்றி அவர் பாடிய செய்யுள் இன்றும் போற்றப்படுகிறது. படிக்கக் கற்றபின்னரே வேலை என்னும் விதி பெண்ணுக்கு எழுத்தைத் தந்தது. எழுத்தைக்கொண்டு வாழும் வழியைத் தரும் ஆற்றல் ஒரு தாயின் வீட்டிற்கு இல்லை.

ஜான் வெஸ்லி 1748-இல் கிங்ஸ்வுட்டில் நிறுவிய பள்ளியில் விளையாட்டுக்கு இடமில்லாத கடுமையான ஒழுங்கை விதித்தார். தாயின் விதிகளின் சாயலை அதில் காணலாம். ஆயினும் அவர் உள்ளம் நாடியது வேறொன்று. 1732-ஆம் ஆண்டு பிப்ரவரியில், இருபத்தெட்டு வயதில், ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து தாய்க்கு எழுதியபோது, முன்பு வியாழன் மாலையில் தமக்களித்த அச்சிறு பொழுதை இப்போது தமக்காக இறைவனை வேண்டுவதில் செலவிடுமாறு கேட்டுக்கொண்டார். பயிற்றுமுறை மடல் எழுதப்பட்டதும் அதே ஆண்டில்தான். தாயிடம் மகன் விதிகளைக் கேட்டார். தாம் மறவாதிருந்தது வியாழக்கிழமையை.

அம்மையாரோ அம்முறையை எழுதித்தரத் தொடக்கத்தில் தயங்கினார். உலகைத் துறந்தாலன்றி எவரும் தம் முறையைப் பின்பற்ற இயலாதென்றும், வாழ்நாளின் சிறந்த பகுதியில் இருபது ஆண்டுகளுக்கு மேல் இதற்கே கொடுக்க முன்வருவோர் சிலரே என்றும் எழுதினார். தம் முறையை எல்லாருக்கும் உரிய இலக்கணமாக அவர் கருதவில்லை என்பது இதனால் தெளிவு. இலக்கணமாக்கியவர் பிற்காலத்தாரே.

9. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், எப்வர்த்து இல்லப்பள்ளியின் கால அளவு கைக்குழந்தையின் உறக்கத்தோடு ஒத்தமைந்தது என்பதும், அதன் கடுமையில் ஒரு பகுதி கொள்கையாலும் ஒரு பகுதி இடநெருக்கத்தாலும் விளைந்தது என்பதும், தீக்குப் பின்னரும் தரங்கம்பாடி நூலுக்குப் பின்னரும் அது கனிந்து மாறியது என்பதும் பெறப்படும். ஓராண்டு நிரம்பாத குழந்தைக்கும் பிரம்பைக் காட்டியதை இன்று நாம் ஏற்கமாட்டோம்; ஏற்கவேண்டிய கட்டாயமும் இல்லை. ஆயினும், ஒன்பது குழந்தைகளை மண்ணுக்குக் கொடுத்த தாய், எஞ்சிய பதின்மரை எவ்வாறேனும் கரைசேர்க்கப் புகுந்த முயற்சி அது என்பதை மறந்து தீர்ப்புக் கூறுதல் வரலாற்றாசிரியர்க்கு அழகன்று.

தரங்கம்பாடி மடல்களால் தமிழுக்கு வந்த அச்சையும் அகராதியையும் பற்றி நாம் பலகாலும் பேசியுள்ளோம். அம்மடல்கள் கடல் கடந்து சென்று, பெயர் தெரியாத ஓர் ஊரில், எட்டு வயதுச் சிறுவனுக்கு அவன் தாயோடு தனித்திருக்க ஒரு வியாழன் மாலையைப் பெற்றுத் தந்தன என்பதையும் அவ்வரலாற்றோடு சேர்த்து எழுதுதல் தகும்.